புதுசு வரும் வரை

"நைனா, இது வயித்துலயும் பாப்பா இருக்குதா?"

தை மாதத்தில் ஒருநாள் வெண்பா இப்படிக் கேட்டாள். அவள் விரல் காட்டியது அப்பாவின் லேப்டாப்பை. உள்ளே பேட்டரி உப்பி, அடிப்பக்கம் புடைத்திருந்தது.

வளவன் விழுந்து விழுந்து சிரித்தான். செஞ்சி கடைவீதியில் கல்யாண வீடியோ எடிட் செய்பவன் அவன். டீ கொண்டுவந்த ராஜாங்கமும் சிரித்தார்.

பக்கத்துக் கடையில் லேப்டாப் பழுது பார்க்கும் அன்வர் பாஷா மட்டும் சிரிக்கவில்லை.

"இது தீப்பிடிக்கும் தம்பி. மாத்திடணும்."

"இந்த மாடலுக்கு பேட்டரி வர்றதே இல்லன்னு நீங்கதான பாய் சொன்னீங்க? புதுசு வர்ற வரைக்கும் ஓடட்டும்."

புதுசு என்பது இன்னும் வராத ஒன்று. கம்பெனி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் யூடியூபில் தினமும் பேசினார்கள். அடுத்த ப்ரோ லேப்டாப்பில் என்ன சிப், எத்தனை கோர். இனிமேல் சிப்புக்கு நம்பர் கிடையாதாம், பெயர்தானாம். தீபாவளிக்கு வரும் என்றார்கள். பிறகு பொங்கலுக்கு என்றார்கள். இப்போது ஆடிக்கு என்கிறார்கள்.

வளவன் ஒவ்வொன்றையும் நம்பினான். என்ன பெயர் வைப்பார்கள் என்று அவனே இரண்டு மூன்று யோசித்தும் வைத்திருந்தான்.

"பொண்ணே பாக்கல, அதுக்குள்ள பத்திரிகை அடிக்கிறான்பா" என்பார் ராஜாங்கம்.

பங்குனி பிறந்தது. கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ஊருக்குள் ஊதின.

லேப்டாப் இப்போது சரியாக மூடவில்லை. வளவன் அதைப் பெரிய மானிட்டரில் இணைத்தான். மூடியை அழுத்தி, யாரும் வாங்கிப்போகாத கல்யாண ஆல்பங்களை அதன்மேல் அடுக்கினான். ஒவ்வொன்றும் பலகை கனம். அமுக்கி வைத்தால் வீக்கம் அடங்கிவிடும் என்பது அவன் கணக்கு.

பள்ளி விட்டு வந்ததும் வெண்பா தூங்குவது அந்த மேஜைக்கு அடியில்தான். அவள் அம்மா கவிதா அவலூர்பேட்டை துணிக்கடையிலிருந்து பஸ் பிடித்து வரும்வரை அதுதான் அவளுக்கு வீடு.

அன்வர் பாஷா ஒவ்வொரு தொழுகையிலும் அந்தக் குழந்தைக்காக துஆ கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது சரியா என்றும் பயந்தார்.

ஒருநாள் பனமலைக் கோயிலில் கல்யாணம். வளவன் கேமராப் பையோடு பைக்கில் ஏறினான்.

"பாய், கடை சாவி. பாப்பா ஆட்டோல வந்துடும், உள்ள வுட்டு ஃபேன் போட்டுடுங்க. வீடியோ எக்ஸ்போர்ட் ஓடுது, அதை மட்டும் தொடாதீங்க."

மதியம் அன்வர் பாஷா ஷட்டரைத் தூக்கினார். அழுகிய பழமும் நகப் பாலிஷும் கலந்தது போல ஒரு வாடை முகத்தில் அடித்தது.

வீதியில் ஆளில்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஆல்பங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். அட்டைகளில் மாப்பிள்ளைகளும் பெண்களும் சிரித்தார்கள். கடைசி ஆல்பத்தின் அடிப்பக்கம் கைவைக்க முடியாமல் சுட்டது.

லேப்டாப்பை நிறுத்தி, திருப்பிப்போட்டு, திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. எங்கோ ஒரு சின்ன 'டிக்'. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் பட்டியால் நெம்பி எடுத்தார். பின்பக்கக் காலிமனைக்கு ஓடி, வாளி மணலில் புதைத்தார்.

வெறுமனே கழற்றிவிட்டால் போதாது. முதல் தடவை கரண்ட் போய் வேலை அழிந்ததுமே, வளவன் பழையதைத் தேடி எடுத்து மாட்டிவிடுவான். அவர் தன் கடைக்குப் போய் வேறொரு பேட்டரியோடு வந்தார். பொருத்தினார். எக்ஸ்போர்ட்டை முதலிலிருந்து ஓட விட்டார்.

ஆட்டோ ஹாரன் கேட்டபோது, பின்னால் மணல் புகைய ஆரம்பித்திருந்தது. பிறகு பாம்பு போல ஒரு சீறல்.

"பாய் தாத்தா, உங்க சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்குது?"

"வெயில்மா."

வெண்பா மேஜைக்கு அடியில் சுருண்டு படுத்தாள்.

சாயங்காலம் வளவன் வந்தான். லேப்டாப்பைத் தடவிப் பார்த்தான்.

"பாத்தீங்களா பாய்? இன்னா பயம் காட்டினீங்க! அமுக்கி வெச்சேன், தானா அடங்கிடுச்சி. ஆடி வரைக்கும் தாங்கும்."

"தாங்கும் தம்பி. ஆனா இனிமே அதுமேல எதையும் வெக்காதே. எனக்காக."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனைத் தலையாட்ட வைத்தது.

அந்தி நேர மஃரிப் தொழுதுவிட்டு அன்வர் பாஷா தன் கடையில் உட்கார்ந்து தன் லேப்டாப்பைத் திறந்தார். வளவனும் அவரும் ஒன்றாகப் போய் வாங்கிய அதே மாடல்.

அதில் அவர் தினமும் பார்ப்பது ஒரே ஒரு வீடியோதான்.

அவர் மனைவி ஜாஹிதா பேகம் கேமராவைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டு விலகிப்போகிறவள். அவள் இறந்த வருடம், வளவன் யாரும் கேட்காமலே தன் பழைய கல்யாணப் பதிவுகளை எல்லாம் துழாவினான். ஏதோ ஒரு பந்தியின் மூலையில், தட்டை நீட்டியபடி அவள் சிரிக்கும் சில நொடிகளைக் கண்டுபிடித்து, ஒரு பென்டிரைவில் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதற்கு ஒரு நன்றிகூட அவரால் சொல்ல முடிந்ததில்லை.

சார்ஜரைச் சுவரில் செருகினார். இனிமேல் அது இல்லாமல் ஓடாது.

ஜாஹிதா திரும்பினாள். சிரிக்கத் தொடங்கினாள்.

பாதிச் சிரிப்பில் கரண்ட் போனது.

வீதி முழுக்க அடங்கிவிட்ட அந்த நேரத்தில், சுவருக்கு அப்பால் வளவனின் லேப்டாப் மட்டும் நிற்காமல் ஓடும் மெல்லிய இரைச்சல் வந்தது. அன்வர் பாஷா இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.