கம்பெனிச் சட்டை

முனியராஜின் கொட்டகையில் ஒதுங்கி நின்ற ஒரே ஒரு செவலைப் பசுவுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

ஒருத்தி பாண்டிச்செல்வி. இன்னொருத்தி பக்கத்து வீட்டு ராக்காயி. விடாத மழையில் பட்டாசு கம்பெனிக்கு லீவு. இல்லாவிட்டால் இந்நேரம் இருவரும் ஒட்டி உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருப்பார்கள்.

காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு வீட்டுத் தொழுவமும் காலி. பாண்டிச்செல்வியின் புருஷன் செல்வக்குமாரையும் காணோம். தேடித்தான் போயிருப்பான் என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

இரண்டும் ஒரே தாய் ஈன்ற மாடுகள். நெற்றிச் சுட்டிகூட ஒன்றுபோலத்தான் இருக்கும். நனைந்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லை மாட்ட ஆள் வந்த அன்று இருவரும் வேலைக்குப் போயிருந்ததால் அந்த அடையாளமும் இல்லை.

சீசன் இல்லாத மாதங்களில் பாண்டிச்செல்வி வீட்டு அடுப்பு அந்தப் பாலை நம்பித்தான் எரிந்தது.

"ஏ புள்ள, மூஞ்சியப் பாத்தாலே தெரியலயா, எங்க மாடுன்னு?" என்றாள் ராக்காயி. மழை பிடித்த நாளிலிருந்து அவளுடைய மூக்குப்பொடி டப்பாவைக் காணோம். அதனால் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

முனியராஜ்தான் பஞ்சாயத்து. "தீனியக் காட்டுங்க. யாரு கையில வாய வைக்குதோ, அவுக பத்திட்டுப் போங்க."

ராக்காயி பருத்திக்கொட்டையை நீட்டினாள். பாண்டிச்செல்வி புண்ணாக்கை நீட்டினாள். மாடு இருவரையும் முன்பின் பார்த்திராததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பாண்டிச்செல்விக்குப் பொறி தட்டியது. மாடு அவளைக் குளித்த கோலத்தில் பார்த்ததே இல்லை. இருட்டோடு வேனேறி, பொழுது சாய வந்து, மருந்து வாசம் அடிக்கும் கம்பெனிச் சட்டையோடுதான் தீனி வைப்பாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள, கம்பெனி எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்துக் கொடுத்த சட்டை அது. சாப்பிடக் கழற்றிப் போட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, வேன் கிளம்பும் அவசரத்தில் அள்ளிக்கொண்டு வந்தது, துவைக்காமல் மூலையில் கிடந்தது. மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

மாடு மூக்கை விடைத்தது. நேரே வந்து சட்டையை நக்கிவிட்டுப் புண்ணாக்கில் வாய் வைத்தது.

"வளத்த என்னையே மறந்துட்டியே, மூதேவி" என்று ராக்காயி மாட்டைத்தான் ஏசினாள். கண் கலங்கியிருந்தது. பாண்டிச்செல்விக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மாட்டை விட்டுக்கொடுக்க முடியுமா?

ஜம்பமாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் செல்வக்குமார் ஒரு செவலைப் பசுவுக்கு ஈரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தொழுவம் ஒளுகுச்சு. அதான் நம்ம மாட்ட ரேசன் கடை தாழ்வாரத்துல கட்டிட்டுக் காவலுக்கு இருந்தேன். ஆமா, ராக்காயி மதினி மாட்ட நீ எதுக்குப் பத்திட்டு வாரே?"

அவள் ஓட்டி வந்த மாடு சட்டைப் பையை முட்டி முட்டி மோந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பாண்டிச்செல்வி பைக்குள் கையை விட்டாள்.

மூக்குப்பொடி டப்பா.