உருவிய வாள்

எங்கள் வம்சத்தில், உருவிய வாள் ரத்தம் காணாமல் உறைக்குத் திரும்பாது. மகள் செண்பகவல்லி சொல்லாமல் மணமுடித்துப் போன அன்று அவளை வெட்டவென்று உருவினேன். ஆறு ஆண்டுகளாக அது என் மடியில் ஆற்றுநீர்போல மினுங்கிக் கிடந்தது. இன்று பனிக்குள்ளிருந்து அரசு எழுத்தர் வந்தார். அவருக்குப் பின்னே, வாசலுக்கு வெளியே, குழந்தையோடு அவள்.

"ஐயா, இனிமே தண்டிக்கிற அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டுந்தான். வாளைக் குடுத்துடுங்க."

"எங்க வீட்டு விவகாரத்துல அரசாங்கத்துக்கு என்னய்யா வேலை?"

"வீடும் நாட்டு எல்லைக்குள்ளதானுங்களே இருக்கு."

கொடுத்தேன். எங்கள் வழக்கம் அறியாத அவர், "கையை அறுத்துடும்" என்றபடி, சுவரில் தொங்கிய உறையை எடுத்து வாளை மெல்லச் செருகினார். நான் தடுக்கவில்லை.

"வாசல்ல நிக்கிறது யாருங்க?"

முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"என் மகள்."