ஊதாப் புள்ளி

“புதுக் கல்லைக் கண்டுபிடிச்சவங்க அதுக்குத் தங்க பேரையே வைக்கக் கூடாதுங்கறது விதிம்மா. அதனால கண்டுபிடிச்சவன் நான்னு போட்டுக்கறேன், கல்லுக்கு உங்க பேரு. உலகம் பூரா புத்தகத்துல நிக்கும். கசக்குதா?” பேராசிரியர் படிவத்தை நகர்த்தினார்.

இருபது வருடமாக அவருடைய ஆய்வுக்கூடத்தில் பாறைகளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக அறுத்துத் தேய்த்துத் தருபவள் செங்கமலம். நுண்ணோக்கியில் குனிந்தாள். அழுக்கு என்று அவர் தூக்கிப்போடச் சொன்ன ஊதாப் புள்ளி, அவள் பிடிவாதமாக எடுத்துவைத்தது, இன்று யாரும் அறியாத கனிமமாக அங்கே ஒளிர்ந்தது. அவள் பேரில் ஒரு கல், செங்கமலைட். நாக்கில் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது.

நிமிர்ந்தாள். “கல்லுக்கு உங்க பேரையே வச்சுக்குங்க சார். முதல்ல பார்த்தது செங்கமலம்னு மட்டும் எழுதிடுங்க.”