நீலம் வராத குப்பி

ஆராய்ச்சியாளர் போனில் பொரிந்து தள்ளினார்.

"செடியோட மரபணுவை பாக்டீரியாவுல வச்சுத் தயாரிச்ச பெராக்ஸிடேஸ் நொதின்னு பெருமையா போட்டிருக்கீங்க. சேர்த்தா நீலம் வரணும். மூணு நாளா வரலை. ரத்த மாதிரியில பாதி காலி."

நொதி விற்ற கம்பெனியின் உதவிப் பிரிவுப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"எந்தக் கரைசல்ல கலந்தீங்க சார்?"

"கெட்டுப்போகாம இருக்க அசைடுங்கிற உப்பைப் போட்டு வச்சிருந்த கரைசல்ல."

"அசைடு பட்டா இந்த நொதி வேலை செய்யாது சார். கூட வந்த தாள்ல கடைசி வரியில இருக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இருந்தது. ஆனால் கோபம் இறங்க ஓர் இடம் வேண்டுமே.

"முக்கியமானதை எறும்பு எழுத்துல கடைசியிலயா போடுவாங்க? எந்த அறிவுகெட்டவன் எழுதினது? புகார் பண்ணணும், பேரைச் சொல்லுங்க."

"அது வந்து சார்..." என்று இழுத்தாள்.

"பயப்படாம சொல்லும்மா."

"நீங்க இங்க தலைமை விஞ்ஞானியா இருந்தப்போ எழுதிக் கொடுத்தது சார். நாங்க ஒரு புள்ளியைக்கூட மாத்தலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"புகாரைப் பதிவு பண்ணட்டுமா சார்?" என்றாள் தயங்கியபடி.

"பண்ணும்மா. எழுதினவன், படிக்காதவன் ரெண்டு பேர் மேலயும் சேர்த்து ஒரே புகாரா போட்டுடு."