கிரிம்சன் குளோரிக்கு விழுந்த கவ்வாத்து

துரை பங்களா ரோசாவைப் பொன்னையா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோல் வெட்டிவிட்டான்.

முழங்கால் உயரத்துக்கு, மட்டமாக. மேலே தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் சாயாது.

பங்களாத் தோட்டக்காரன் காய்ச்சலில் படுத்ததால் தேயிலை மலையிலிருந்து பொன்னையாவை அனுப்பினார்கள். பதினெட்டு வருசக் கவ்வாத்துக் கை வேறென்ன செய்யும்?

ஆறு செடி. துரைசாணி சீமையிலிருந்து வரவழைத்த கிரிம்சன் குளோரி. ஏப்ரல் மாத நுவரெலியா மலர்க் கண்காட்சிக்கென்று, நேர்ந்துவிட்ட கிடாய் மாதிரி வளர்த்தவை.

துரைசாணி வந்து பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான்.

ஏனென்றால் அவனுக்குத் துரையிடம் ஒரு கடிதம் வேண்டும். மே மாதம் பிரஜாவுரிமை விசாரணை. இத்தனை வருசமும் இந்தத் தோட்டத்தில்தான் இருந்தான் என்று துரை எழுதித் தரவேண்டும்.

பிறந்தது இங்கே, தொழிலாளர் குடியிருக்கும் எட்டாம் நம்பர் லயத்தில். அப்பனைப் புதைத்தது பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற மலையில். அதெல்லாம் செல்லாதாம், காகிதம் வேண்டுமாம். மூன்று வருசத்துக்கு முன் கப்பலேறி வந்த ரோசா இந்த ஊர். இங்கேயே பிறந்த பொன்னையா கள்ளத்தோணி, இந்தியாவிலிருந்து களவாக வந்தவனாம். நினைத்தாலே அவனுக்குக் காது சுட்டது.

காது சுட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. உறைபனி படாமல் பொழுது சாயச் செடிகளை மானாப்புல்லால் மூடினான், விடிந்ததும் எடுத்தான். சாணி கரைத்து ஊற்றினான். இலையில் சாம்பல் பூத்தபோது கந்தகத் தூள் போட்டான்.

“எம்புள்ளைக்குச் சளி புடிச்சப்ப இப்படி ஒரு போர்வ கெடைக்கல” என்றாள் மனைவி பூரணி. அவன் அடுத்த செடிக்குப் புல்லை இழுத்துப் போர்த்தினான்.

ஆபீசில் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தியிடம் வாரம் தவறாமல் கேட்டான். கிளாக்கர் ஒவ்வொரு தடவையும் சன்னலுக்கு வெளியே பார்த்தார். முதலில் ரோசா தளிர்க்கட்டும் என்றார். பிறகு மொட்டு விடட்டும் என்றார்.

ஏப்ரலில் ஆறு செடியும் ஒன்றாகப் பூத்தன. கருஞ்சிவப்பு, உள்ளங்கை அகலம். வாசனை லயம்வரைக்கும் வந்தது.

கண்காட்சியில் முதல் பரிசு. துரையே பொன்னையாவின் தோளைத் தட்டினார்.

மறுநாள் துவைத்த வேட்டி, அதன்மேல் கல்யாணக் கோட்டு, இப்படி ஆபீசில் போய் நின்றான்.

“தொரசாணி கோவந்தான் தீந்துருச்சுங்களே ஐயா. இனி கடுதாசி குடுத்துருவாங்கதானே?”

கணேசமூர்த்தி இந்தத் தடவை சன்னல் பக்கம் திரும்பவில்லை.

“ரோசாவுல ஒண்ணுமில்ல பொன்னையா. நீ கத்திய எடுக்கிறதுக்கு முந்தின மாசமே தொர சொல்லிட்டாரு. லயத்துல ஒருத்தருக்கும் கடுதாசி கெடையாது.”