அடுத்த அடி விழுவதற்குள்

"அந்த அடிய எடுத்துரு மோளே, நான் சொல்லுதேன்லா..."

"எடுத்தா கதை எங்கப்பா இருக்கு? அடி இல்லன்னா..."

"சின்னப் புள்ளைய பெல்ட்டால அடிக்கது ஒரு கதையாக்கும்?"

கோலப்பனும் ஷில்பாவும் ஒருவரையொருவர் பேச விடவில்லை. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்தில் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் கதை எழுதுகிறாள். அவள் எழுதிய முதல் கேம் நாளை வெளியாகிறது. ஊர் பார்ப்பதற்கு முன்னால் அப்பா விளையாடியாக வேண்டுமென்று, பழவங்காடியிலிருக்கும் பாத்திரக் கடையைப் பூட்ட வைத்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

லேப்டாப் திரையில் ஒரு கூடம். பெல்ட்டோடு ஓர் ஆள் நின்றான். மூலையில் ஆறு வயதுச் சிறுமி.

"வேற கேம் எழுதப்பிடாதா? சந்தைக்குப் போயி காய் வாங்கி அவியல் வைக்க மாதிரி?"

"அதை நீங்க பத்து நிமிஷம் விளையாடுவீங்களாப்பா? மத்த கேம்ல தலையே பறக்குது. இதுல ரத்தம்கூட இல்ல."

"அது பொம்மை. இது அப்படியா?"

இருபது வருஷமாக அந்த வீட்டில் இருவருமே வாய் திறக்காத விஷயம் அது. மறந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தார். ஒரு நாளும் மன்னிக்கவில்லையோ?

"எம்மேல கோவம்னா நேர்ல ரெண்டு வார்த்தை ஏசிரு. இப்படி ஊரைக் கூட்டிக் காட்டாண்டாம்."

"கோவமா? திரைல கீழ இருக்குற அந்தப் பட்டனை அமுக்குங்க, பின்னே பேசலாம்."

"எங்கையால அந்தப் புள்ளைய அடிக்கச் சொல்லுதியா?"

அவர் அமுக்காமலே பெல்ட் சிறுமி மேல் விழுந்தது. சிறுமி சுருண்டாள். மறுபடி விழுந்தது. கோலப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தம் அவரை விடவில்லை.

"இது எப்பம் நிக்கும்?"

"தானா நிக்காது. நீங்க அமுக்குற வரைக்கும் விழுந்துட்டேதான் இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். சத்தம் நின்றது.

கண் திறந்தபோது பெல்ட்காரன் திரையில் இல்லை. வேறொரு வீடு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து, ஓடிப்போய், பக்கத்து வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தான். சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

கோலப்பன் திரையிலிருந்த அந்தச் சுவரை விரலால் தொட்டார்.

"மூணு மாசம் மோளே... அடுத்த வீட்டுக் காரியம், நமக்கென்னன்னு மூணு மாசம் கேட்டுக்கிட்டே கெடந்தேனே..."

ஷில்பா அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அந்த அடியக் காட்டலைன்னா, பெத்தவன்கிட்டருந்து என்னைத் தூக்கிட்டு வந்த அடுத்த வீட்டுக்காரர் எனக்கு எப்படி அப்பா ஆனாருன்னு யாருக்குப்பா புரியும்?"