முப்பத்தைந்தாயிரம் மணி நேர ஆட்டம்

இணையத்தில் கேரம் ஆடுபவர்களின் புள்ளிவிவரங்களைக் காட்டும் ஓப்பன் சோர்ஸ் தளம் அது. யார் வேண்டுமானாலும் நிரலைத் திருத்தி அனுப்பலாம். மஞ்சரி அதைத் தன் கணினியில் நிறுவிய அன்றே ஒரு பிழையைக் கண்டாள். ஜெபராஜ் என்பவர் ஒரே ஆட்டத்தை முப்பத்தைந்தாயிரம் மணி நேரமாக ஆடிக்கொண்டிருந்தார். ‘அடுத்து அடிக்க வேண்டியவர்: ஜெபராஜ்’ என்றது பக்கம். முடிவு நேரம் பதிவாகாத ஆட்டம் இன்னும் நடப்பதாகவே தளம் நம்பியது. நான்கு வரி எழுதி, அப்படிப்பட்ட ஆட்டங்களை முடித்துவைக்கும் திருத்தத்தை அனுப்பினாள்.

தளத்தை நடத்தும் தேவசகாயம் போனில் கூப்பிட்டார்.

“சரியாத்தாம்மா எழுதியிருக்கீங்க. ஆனா இத நான் சேர்க்க மாட்டேன்.”

“ஏன் சார்?”

“அந்த ஜெபராஜ் என் தம்பி. என்கூட ஆடிக்கிட்டு இருந்தப்பதான் நெஞ்சு வலி வந்து போயிட்டான். அவன் அடிக்காம நான் எப்படி எந்திரிக்கிறது?”

மஞ்சரி போனை வைக்காமலே திருத்தத்தைத் திரும்பப் பெற்றாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். மணிக்கணக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதன் கீழே பெயர் மாறியிருந்தது.

“சார்,” என்றாள். “அடுத்து நீங்க அடிக்கணும்னு காட்டுது.”